லயத்து வாசலில் முக்காலி

சுங்கை சோவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஒன்றேகாலைக் காட்டும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். எங்கள் ஊரில் பன்னிரண்டு மணி என்பது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் வெயில்தான். மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. கட்டடங்களைப் படம் பிடித்துப் பிழைப்பவனுக்கு இதுதான் முதல் பாடம். பதினொன்றரையிலிருந்து மூன்று மணி வரை வெயில் கூரைமேல் உட்கார்ந்துவிடும். இறவாரத்தின் நிழல் சுவரை மூடிவிடும். கதவும் சன்னலும் கறுப்புக் குழிகளாகத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு மூன்று பாகைக்குச் சற்றே வடக்கில் இருக்கிறோம். மார்ச் கடைசியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வந்து வடக்குப் பக்கம் சாயும். செப்டம்பர் நடுவில் மறுபடியும் தலைக்குமேல் வந்து தெற்கே போகும். வடக்கு பார்த்த வாசலில் வெயில் விழ வேண்டுமானால் ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் போக வேண்டும். தெற்கு பார்த்த கட்டடத்துக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. ஆனால் ஆண்டுக் கடைசி மழை அந்த மாதங்களில் பாதியைத் தின்றுவிடும். அதனால் ஒரு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வடக்கு பார்த்தும் பள்ளிக்கூடம் தெற்கு பார்த்தும் இருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் நன்றாக எடுக்க முடியாது. ஒன்றுக்காக அரை வருடம் காத்திருக்க வேண்டியதுதான். அந்த அரை வருடத்துக்குள் லயத்தை இடித்துவிட்ட தோட்டங்களும் உண்டு.

நான் தொழில் கற்றது ரவாங்கில் ஒரு ஸ்டூடியோவில். முதலாளி சீனர். தோட்டத்து வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசித் தமிழ் அவருக்குச் சரளமாக வரும். அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம், காதுகுத்து எல்லாம் அங்கே எடுத்தோம். எப்போதாவது ஒரு தோட்டத்து நிர்வாகியோ கோயில் தலைவரோ வந்து கட்டடத்தைப் படம் பிடித்துத் தரச் சொல்வார்கள். அந்த வேலைகளுக்கு மட்டும் முதலாளி தம்முடைய பெரிய மரக் காமிராவை எடுப்பார். அதில் லென்ஸ் இருக்கும் பலகையை மட்டும் மேலே ஏற்றலாம். பிலிம் இருக்கும் பின்பலகை அசையாது. நமக்குத் தெரிந்த சாதாரணக் காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும், இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப்போக நெருங்கிவிடும். பின்பலகையைச் சுவருக்கு இணையாக நிறுத்தி லென்ஸை மட்டும் ஏற்றினால் கட்டடம் கொத்தனார் கட்டிய மாதிரியே நிமிர்ந்து நிற்கும். முதலாளி காமிராவின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். பிறகு பையிலிருந்து தூக்குக் குண்டை எடுத்துத் தொங்கவிட்டு, கட்டடத்தின் மூலையையும் அந்த நூலையும் ஒற்றைக் கண்ணால் ஒப்பிடுவார். சாய்ந்திருப்பது காமிராவா கட்டடமா என்று தெரிந்த பிறகுதான் பிலிமை வைப்பார். பழைய லயங்கள் பல உண்மையிலேயே சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வைப் படத்தில் நிமிர்த்தக் கூடாது என்பது அவர் கண்டிப்பு.

இன்று அதே காரியத்தைச் செய்ய அசையும் லென்ஸ்கள் வந்துவிட்டன. கணினியிலும் நிமிர்த்தலாம். நான் இன்னும் ரசமட்டத்தைத்தான் நம்புகிறேன்.

வயிற்றுப்பாட்டுக்கு எடுத்த கட்டடங்கள் வேறு. 1990களில் எங்கள் வட்டாரம் மாறத் தொடங்கியது. சுங்கை சோவில் பெரோடுவா கார் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றி உதிரிப் பாகத் தொழிற்சாலைகள், தாமான்கள், கடைவரிசைகள் எழும்பின. வீடமைப்பு நிறுவனங்களுக்கு விளம்பரப் படம் தேவைப்பட்டது. அவர்கள் கேட்பது ஒரே மாதிரியான படம்: அந்தி நேரம், வானம் கருநீலம், சன்னல்களில் மஞ்சள் விளக்கு. நம் ஊரில் சூரியன் மறைந்ததும் சீக்கிரமே இருட்டிவிடும். அதில் வானமும் விளக்கும் சமமாக நிற்பது சில நிமிடம். மத்தியானமே போய் இடம் பார்த்து, முக்காலியை ஊன்றி, விளக்குகளையெல்லாம் போடச் சொல்லி, மழை வராமல் இருக்க வேண்டிக்கொண்டு காத்திருப்போம். காசு அதில்தான் வந்தது. அந்தக் காசில்தான் நான் யாரும் கேட்காத கட்டடங்களைப் பிலிமில் எடுத்தேன்.

யாரும் கேட்காதவை என்று நான் சொல்வது தோட்டத்துக் கட்டடங்களை. பத்துக் கதவு லயம், பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், புகை வீடு, கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, தண்ணீர்த் தொட்டி, மேட்டில் துரை பங்களா. கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, இந்தப் பக்கம் ரவாங், சுங்கை சோ, செரண்டா, பத்தாங் காலி, ரசா, கெர்லிங் வரை, பெயர்களும் அளவுகளும் மாறினாலும் ஒவ்வொரு தோட்டமும் கிட்டத்தட்ட இந்தப் பத்துக் கட்டடங்கள்தான். யார் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம், எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதையெல்லாம் அந்தக் கட்டடங்களே சொல்லிவிடும். கிராணி வீடு மேட்டின் பாதியில் இருக்கும். லயம் பள்ளத்தில் இருக்கும். பங்களா வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டால் பிரட்டுக் களமும் லயமும் ஒரே பார்வையில் அடங்கும்.

பழைய தோட்டப் படங்கள் பல என் கையில் கிடைத்திருக்கின்றன. நிர்வாகம் எடுத்து வைத்தவை, ஏலத்தில் வந்தவை, ஓய்வுபெற்ற கிராணிகள் வீட்டில் இருந்தவை. அவற்றில் லயங்கள் எல்லாம் மேட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். கூரைகள் வரிசையாகத் தெரியும். அத்தாப்புக் கூரையோ தகரக் கூரையோ, எத்தனை வரிசை, எவ்வளவு துப்புரவு என்பதெல்லாம் தெரியும். கதவு தெரியாது. வாசற்படி தெரியாது. மனிதர்கள் இருந்தால் புள்ளிகளாக இருப்பார்கள். எடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. பங்களாவுக்குப் போன விருந்தாளி அங்கிருந்தே பெட்டியைத் திறந்து எடுத்திருப்பார். ஆனால் நூறு வருடத்துக்கு மேல் எங்கள் வீடுகள் அந்த ஒரே இடத்திலிருந்து பார்க்கப்பட்டன, அந்த ஒரே இடத்திலிருந்து பதிவாயின. என் தொழிலில் நான் பிடிவாதமாக வைத்துக்கொண்ட ஒரே விதி இதிலிருந்து வந்தது. எந்தக் கட்டடத்தை எடுத்தாலும், அதைத் தினமும் புழங்கியவர்கள் எங்கே நின்றார்களோ அங்கே, அவர்கள் கண்ணின் உயரத்தில் காமிராவை வைப்பேன்.

லயத்துக்கு அந்த இடம் எதிர்வாசல். இரண்டு லயங்களுக்கு நடுவே இருக்கும் மண் தரையில், எதிர்வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கண்மட்டத்தில் லென்ஸ் இருக்க வேண்டும். முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல் பாதியில் பூட்டுவேன். அந்த உயரத்தில் பார்த்தால்தான் படிகள் படிகளாகத் தெரியும். சிவப்புச் சாயம் போட்டு மெழுகிய சிமெண்டுப் படி, நடுவில் கால்பட்டுக் கால்பட்டுச் சாயம் போய்ச் சாம்பல் நிறம் தெரியும். நிலைக்கு மேலே அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மையில் அடித்த எண். அதற்குக் கீழே காய்ந்துபோன மாவிலை. ஒரு பக்கம் மழைத்தண்ணீர் பிடிக்கும் எண்ணெய்ப் பீப்பாய். நிலையின் மஞ்சள், குங்குமப் பொட்டுகள் பண்டிகைக்குப் பண்டிகை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப்பட்டு மேடு தட்டியிருக்கும். சாய்ந்த வெயிலில் அந்த மேட்டுக்குச் சின்ன நிழல்கூட விழும். பெரிய நெகட்டிவில் எடுத்தால் அதுவும் அச்சில் வந்துவிடும்.

ஆள் குடியிருக்கும் லயத்தை எடுக்கும்போது கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்ல மாட்டேன். மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொல்ல மாட்டேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தத் துணி இல்லேன்னா கட்டடம் சுத்தமா தெரியுமே" என்றார். அவர் சொன்னது சரிதான், கட்டடம் தெரியும். அங்கே பத்துக் குடும்பம் துணி துவைத்துக் காயப்போட்டது தெரியாது.

கட்டடங்களைப் படம் எடுப்பதில் எனக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. கேப்டன் லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். கல்லின் ஒவ்வொரு எழுத்தும் நிற்கிறது. ஆனால் வெளிச்சத்துக்குக் காகிதத்தைத் திறந்து வைக்க வேண்டிய நேரம் அதிகம், அதனால் நடமாடியவர்கள் யாரும் பதியவில்லை. மதுரைக் கோயிலின் மண்டபங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. அதனால் மங்கலான நாளில்கூட ஒரு படத்தையாவது ஆள் அசைந்தாலும் கலங்காத வேகத்தில் எடுத்து வைப்பேன், அதற்காகக் கொஞ்சம் தெளிவு குறைந்தாலும் பரவாயில்லை.

புகை வீடு வேறு கதை. ரப்பர் பாலை உறைய வைத்து, தகடாக்கி, உருளையில் பிழிந்து, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகையில் காயவைக்கும் இடம். உயரமான சுவர், சன்னல் கிடையாது, கூரை உச்சியில் புகை போகும் இடைவெளி, கீழே அடுப்புக்குழி. செம்பனை வந்த பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் புகை வீடுகளின் வேலை முடிந்தது. பல இடங்களில் உரமூட்டை வைத்தார்கள், சில இடங்களில் அப்படியே விட்டார்கள்.

உள்ளே எடுப்பதற்கு நான் அறிந்தவற்றில் இதைவிடக் கடினமான கட்டடம் இல்லை. சுவர் முழுக்கப் பல வருடப் புகைப்பிசின். தொட்டால் கையோடு வரும். கறுப்பிலேயே நாலைந்து வகைக் கறுப்பு: கழி உரசிய இடத்தில் பளபளப்பு, அடுப்புக்கு மேலே வெல்வெட்டு மாதிரி மங்கல், கூரையிலிருந்து மழை ஒழுகிய தடத்தில் பழுப்பு. வெளிச்சமானியைக் காட்டினால் அது எந்த நிறத்தையும் நடுச்சாம்பலாக்கத்தான் கணக்குச் சொல்லும். அது சொன்னபடி எடுத்தால் புகை வீடு வெள்ளையடித்த கிடங்கு மாதிரி வரும். அதனால் மானி சொன்னதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைப்பேன். பிலிமில் என்றால் இன்னொரு கணக்கும் சேரும். நேரம் ஒரு நொடியைத் தாண்டிவிட்டால் பிலிம் சோம்பிவிடும், மானி சொன்ன பத்து நொடிக்கு முப்பதுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். கதவைத் திறந்து வைத்தால் வாசல் பக்கம் வெளுத்துப்போகும். ஆகவே கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, மீதியை ஒரு கித்தான் துணியால் மறைத்து, கூரை இடைவெளியில் வரும் வெளிச்சத்தையே நம்பி எடுப்பேன். காமிராவைக் கதவுக்கு உள்ளே, வலது பக்கம், தோள் உயரத்தில் வைப்பேன். கழிகளை ஏற்றி இறக்கிய ஆள் அங்கேதான் நின்றிருப்பார். அந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் பள்ளமாக இருக்கும்.

இப்படி எடுத்த ஒரு படத்தை, அந்தப் புகை வீட்டில் வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் படத்தைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். பிறகு, "மேல் தட்டுல ஒரு கழி குறையுது பாரு. அது ஒடஞ்சப்ப நான்தான் இருந்தேன்" என்றார். நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை.

பங்களாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாநிலத்தின் இந்தப் பக்கத்துக்கு உலகச் சரித்திரத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1905-இல் மலாயாவுக்கு வந்து மலாயும் தமிழும் கற்றுக்கொண்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொகோனியே, 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். மலாயாவில் வணிகத்துக்கென நட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பிற்பாடு மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் விருது கிடைத்தது. இன்று நாடெங்கும் தெரியும் அந்தப் பனைவரிசையின் முதல் வரிசை இங்கேதான் தொடங்கியது என்பது பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. துரை பங்களாக்களைப் படம் எடுக்க வருகிறவர்கள் வளைந்த சாலை, புல்தரை, வராந்தாத் தூண்கள் என்று அழகாக எடுத்துப் போகிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் என் தொகுப்பில் பங்களாவின் முதல் படம் எப்போதும் பிரட்டுக் களத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். அதிகாலையில் பேர் கூப்பிடும்போது ஆட்கள் நின்ற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் பங்களா சின்னதாக, மேட்டில், மரங்களுக்கு நடுவே கூரை மட்டும் தெரியும்படி இருக்கும். தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க அந்தக் கூரையைத்தான் பார்த்தார்கள்.

தோட்டத்துக்கு வெளியே இருக்கும் கட்டடங்களில் எனக்குப் பிடித்தது பத்து ஆராங். மலாயன் கோலியரீஸ் என்ற நிறுவனம் 1915 முதல் அங்கே நிலக்கரி வெட்டியது. இரயிலும் மின்நிலையமும் அந்தக் கரியில்தான் ஓடின. 1937-இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் மலாயா அரசாங்கத்தையே நடுங்க வைத்தது. 1960-இல் சுரங்கத்தை மூடினார்கள். செங்கல் சூளையின் புகைபோக்கிகளும் சில கட்டடங்களும் இன்றும் புதருக்குள் நிற்கின்றன. புகைபோக்கியை எடுப்பதில் உள்ள சிக்கல், அதைச் சுற்றி வளர்ந்த ஆலும் அரசும். வேர் செங்கல் இடுக்கில் இறங்கிச் சுவரைப் பிளக்கிறது. அதே வேர்தான் சில இடங்களில் சுவரைப் பிடித்தும் நிற்கிறது. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி 1959-இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட சுரங்கக் கோபுரங்களையும் சூளைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளில், நிழலே விழாமல், நேருக்கு நேராக, ஏணி வைத்துக் கட்டடத்தின் நடு உயரத்துக்கு ஏறி எடுப்பார்கள். 1990-இல் வெனிஸ் கண்காட்சியில் அந்தப் படங்களுக்குச் சிற்பத்துக்கான பரிசைக் கொடுத்தார்கள்.

அவர்களுடைய சாம்பல் வானம் எங்களுக்குக் கிடைப்பது புகைமூட்டக் காலத்தில்தான். சுமத்ராவில் காடு எரியும்போது இங்கே நிழல் விழாது, தூரத்து மலை மறைந்துவிடும், கட்டடம் தனியாக வெட்டி வைத்ததுபோல நிற்கும். எங்கள் வட்டாரத்தின் தண்ணீர்த் தொட்டிகள் பலவற்றை நான் எடுத்தது அப்படிப்பட்ட நாட்களில். இரும்புக் கால், மரக் கால், கான்கிரீட் கால் என்று ஒரே மேசைமேல் அச்சுகளைப் பரப்பினால் எந்தத் தோட்டம் எப்போது கொஞ்சம் காசு பார்த்தது என்பது தெரிந்துவிடும். ஆனால் 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்று மாசு 500 புள்ளியைத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். அப்போது காமிராவைத் தொடவில்லை. மூச்சு விடுவதே பாடாக இருந்தது.

கோலசிலாங்கூர் என்றதும் புக்கிட் மலாவாத்திக் கலங்கரை விளக்கத்தைக் கேட்பார்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த குன்று. 1907-இல் ஆங்கிலேயர் கட்டிய விளக்கு, 27 மீட்டர். மேற்கே மலாக்கா நீரிணை, ஆகவே பிற்பகல் வெயில். குரங்குகள் பெட்டியைத் திறக்கப் பார்க்கும், ஜிப்பைப் பூட்டி வைக்க வேண்டும். அந்த விளக்கு யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் கடலில் இருந்தார்கள். அதனால் ஒரு மீனவரின் படகில் ஆற்றுமுகத்துக்குப் போய் எடுத்தேன். படகில் முக்காலிக்கு வேலையில்லை. அலை தூக்கி இறக்குவதற்குள் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் பிடித்தாக வேண்டும்.

புதிய கட்டுமானங்கள்மேல் எனக்கு விரோதம் கிடையாது. 2017-இல் திறந்த ரவாங் மாற்றுச் சாலை, சுங்கை சோ பக்கத்திலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பது பழைய சாலையில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்குத் தெரியும். கான்சிங் காட்டின்மேல் தூண்களில் நடந்து போகிறது அந்தச் சாலை. உயரமான இடத்தில் 58.2 மீட்டர். கியாம் கான்சிங் என்ற, அந்த வட்டாரக் காட்டுக்கே உரிய அரிய மரம் அங்கே இருப்பதால்தான் காட்டை வெட்டாமல் மேலே தூக்கிக் கட்டினார்கள். அந்தச் சாலையை எல்லாரும் மேலேயிருந்து எடுக்கிறார்கள். பள்ளத்தில் நின்று பார்த்தால் தூண்களின் தடிமன், அவற்றில் பலகை அச்சு பதிந்த கோடு, மழைத் தண்ணீர் இறங்கும் குழாய், அடியில் தழைக்கும் செடி எல்லாம் தெரிகிறது. கட்டியவர்களும் அங்கே நின்றுதான் கட்டினார்கள். அவர்களில் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர் எத்தனை பேர் என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை.

ட்ரோன் வைத்திருக்கும் இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். தோட்டத்தை மேலிருந்து எடுத்த படங்களைக் காட்டுகிறார்கள். நேர்த்தியான படங்கள். எல்லைக்கோடு, சாலை, கோயில் இருந்த இடம், இடித்த லயத்தின் தளம் புல்லுக்குள் செவ்வகமாகத் தெரிவது, இவையெல்லாம் மேலிருந்துதான் கிடைக்கும், ஆவணத்துக்குத் தேவையும்கூட. "இதோட சேர்த்து ஒண்ணு கீழே நின்னு எடு தம்பி. வாசலுக்கு நேரா. படியை விட்டுடாதே" என்று மட்டும் சொல்வேன்.

வாசலை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து வீடு தொழிலாளியின் பேரில் இருந்ததில்லை. கெரான் என்னும் நிலப் பட்டா கிடையாது, வீட்டு வரி ரசீது கிடையாது. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறினால் மூன்று தலைமுறை இருந்தவர்களும் லோரியில் சாமான் ஏற்ற வேண்டியதுதான். மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீடு கேட்டு எத்தனை காலம் போராடினார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இங்கே இந்த எண்ணுள்ள கதவுக்குப் பின்னால் இன்னார் குடும்பம் இருந்தது என்று காட்ட, பல பேரிடம் பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பேரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கதவு எண் தெரிகிற ஒரு நேரான படம் அங்கே ஒரு சாட்சி.

ஒரு தோட்டத்தில் கோயிலை இடமாற்ற வேண்டி வந்தது. தாமானில் புது நிலம் கிடைத்திருந்தது. கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா பழைய அளவுலயே உட்காரணும்" என்றார். அம்மன் கிழக்கு பார்த்தவள். காலை எட்டு மணிக்கு முன்பு வெயில் நேராகக் கருவறைக்குள் போகும், விளக்கே தேவைப்படாது. சிவப்பும் வெள்ளையுமாக அடிக்கு அடி கோடு போட்ட அளவுகோலை நிலையருகே, பலிபீடத்தருகே, மதிலருகே நிறுத்தி நான்கு பக்கமும் எடுத்தேன். காமிராவைக் கும்பிட்டு நிற்பவர் கண்மட்டத்தில் வைத்தேன். அந்தக் கோலை வைத்துத்தான் ஸ்தபதி நிலையின் உயரத்தையும் படியின் அகலத்தையும் கணக்கிட்டார். புதுக் கோயிலில் ராஜகோபுரம் வந்துவிட்டது, தரையெல்லாம் பளிங்கு. கருவறை வாசல் மட்டும் பழைய உயரம்தான். உயரமானவர்கள் இன்னும் குனிந்துதான் பார்க்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களில் நான் முழங்கால் போட்டு எடுப்பேன். முதலாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில் கரும்பலகை எவ்வளவு மேலே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும், சிலந்தி வலை மாதிரி. அலமாரிக்குள் மூடி வைப்பதைவிட வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் வைப்பது நல்லது. ஈரம் உறிஞ்சும் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வியர்த்துவிடும், கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். நெகட்டிவ்களைத் தகர டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளியவர்கள் பலர் இழந்தது எனக்குத் தெரியும். ஒட்டிக்கொண்ட பிலிமைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தாலும் ஓரங்கள் போய்விடும்.

படத்தைவிட முக்கியமானது பின்னால் எழுதுவது. அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடப் பதிவுத் திட்டத்தில் கட்டடத்தின் பெயர், இடம், எந்தத் திசையைப் பார்த்த முகம், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் இல்லாத படத்தை ஏற்பதில்லை. நான் அதோடு இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: கதவுக்குக் கதவு இருந்தவர் பெயர். பெரிய அச்சாகப் போட்டு, புதுத் தாமானில் இருக்கும் மூத்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவேன். போன மாதம் ஒரு பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் கதவிலிருந்து விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். பேர், புருஷன் பேர், எந்தப் பிரட்டு, பிள்ளைகள் எத்தனை. ஐந்தாம் கதவில் மட்டும் அவர் சொன்ன பேரும், அதற்கு முந்தின வாரம் இன்னொரு தோட்டத்துத் தாத்தா சொன்ன பேரும் ஒத்துவரவில்லை. "அவரு வேற வருசத்தச் சொல்லுவாரு தம்பி. வெள்ளம் வந்ததுக்கு அப்புறம் இவங்க போயிட்டாங்க, அவங்க வந்தாங்க" என்றார் பாட்டி. இரண்டு குடும்பத்தின் பேரையும், யார் சொன்னது என்பதையும் சேர்த்து அச்சின் பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறேன். எட்டு, ஒன்பது, பத்தாம் கதவுகளுக்கு இன்னும் ஆள் தேட வேண்டும். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் செரண்டாவுக்கும் ரசாவுக்கும் போனதாகச் சொல்கிறார்கள்.